முடிவுறுதிச் சான்று

தலைநகரத்தில் ஒரு பெரிய அதிகாரியின் கணினித் திரையில் சின்னதாக ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அவர் காபி குடித்துவிட்டு வந்தார், வட்டம் சுற்றியது. இரண்டு ஆய்வுக் கூட்டங்களுக்குப் போய்விட்டு வந்தார்; சுற்றியது. சனி, ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை வந்து பார்த்தபோதும் அது விடுப்பு எடுக்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் தரை துடைக்க வந்த அம்மாளின் துடைப்பம் பட்டு பிளக் கழன்றுகொள்ள, வட்டம் நின்றது. அந்த அம்மாளுக்கு நன்றி சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அதற்குப் பதிலாக, தொடங்கினால் முடியும் என்று சான்று பெறாத எந்தக் கணினி நிரலையும் இனி எவரும் இயக்கக் கூடாது என்று ஓர் ஆணை பிறந்தது. ஆணைக்கு ஓர் ஆணையம் பிறந்தது. ஆணையத்துக்கு ஊர் ஊராகக் கிளைகள் பிறந்தன.

நிரல் முடிவுறுதி ஆணையத்தின் ஆரணிக் கிளை ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் குடியேறியது. மணமேடையில் துணை இயக்குநர் ஜெயச்சந்திரனுக்கு மேஜை போட்டார்கள். பந்திக் கூடத்தில் அலமாரிகள். மணமகள் அறையில் சோதனைக் கணினி. வாசலில் 'தொடங்கியவை யாவும் முடிவுறும்' என்று பலகை.

இதெல்லாம் வீரபாகுவுக்குத் தெரியாது. அவர் உண்டு, அவர் தறி உண்டு. நாற்பத்தாறு வயது. வீட்டிலேயே ஒரு தறி. இரண்டு வருஷத்துக்கு முன்பு அதன் தலையில் ஒரு கணினிப் பெட்டியைப் பொருத்தினார். எந்த வரியில் எந்த இழை தூக்க வேண்டும் என்பதை அந்தப் பெட்டி சொல்லும். அவர் மிதிகட்டையை மிதிப்பார், குறுக்கு நூல் சுற்றிய நாடாவை ஓட்டுவார். பெட்டிக்குள் போகிற டிசைனை இரண்டு தெரு தள்ளி ஸ்வர்ணலதா என்கிற பெண் செய்து கொடுப்பாள். நிரல் என்ற சொல்லையே வீரபாகு முதல்முதலாகக் கேட்டது, ஆணையத்தின் உதவி ஆய்வாளர் கமலக்கண்ணன் அரக்கும் தீப்பெட்டியுமாக அவர் வீட்டுக்குள் நுழைந்த அன்றைக்குத்தான்.

அப்போது தறியில் இருந்தது ஒரு கல்யாணப் புடவை. தேவிகாபுரம் ஆதிலட்சுமியின் மகள் ஜெயப்ரியாவுக்கு ஆவணியில் முகூர்த்தம். இருபத்து நாலு நாள் இருந்தது. ஜெயப்ரியா செய்யாரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஷிப்டு முடிந்து பஸ்ஸில் வரும்போது கட்டம் போட்ட நோட்டில் அவளாகவே கண்டுபிடித்து நிரப்பிய கோலம் அது. கோபுரத்துக்குள் கோபுரம், அதற்குள் குட்டிக் கோபுரம். "என் முந்தியில இதுதான் வரணும்" என்று சொல்லிவிட்டாள். ஸ்வர்ணலதா அதை டிசைனாக்கினாள். புடவையின் உடல் முழுவதும் நெய்தாகிவிட்டது. முந்தியில் ஒன்பது வரி ஏறியிருந்தது.

"இதுல ஓடறது நிரல்தானுங்களே?" என்றார் கமலக்கண்ணன்.

"டிசைனுங்க சார்."

"டிசைன் எங்க கீது?"

"பொட்டியில."

"பொட்டியில கீறது நிரலுங்க. சான்று எங்க?"

வீரபாகுவின் மனைவி ரேணுகாம்பாள் போன் போட, ஸ்வர்ணலதா ஓடி வந்தாள். கமலக்கண்ணன் கெட்டவர் இல்லை. விதிப்புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, நிரல் என்ன சொல்கிறது என்று பொறுமையாகவே விசாரித்தார்.

"சிம்பிள் சார். முதல் வரியில நடுவுல ஒரே ஒரு ஜரிகைக் கட்டம். அதுக்கப்புறம் ஒவ்வொரு கட்டத்துக்கும், போன வரியில அதோட இந்தப் பக்கம், அந்தப் பக்கம் ரெண்டு கட்டத்தையும் பாக்கணும். ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா ஜரிகை வேணாம். வேற வேறயா இருந்தா ஜரிகை போடு. அவ்ளோதான். அடுத்த வரிக்குப் போ."

"அப்புறம்?"

"அதுக்கு அடுத்த வரிக்குப் போ."

"எங்க நிக்கும்?"

வீரபாகு குறுக்கிட்டார். "முந்தி முடிஞ்சா நான் மிதிக்கிறத நிறுத்திடுவேன் சார்."

"நீங்க நிறுத்தறது வேறங்க. அது தானா நிக்குமா?"

"பாவு தீந்துட்டா நின்னுதான சார் ஆவணும்?"

"பாவு நிரலுக்குள்ள கீதா?"

வீரபாகு திரும்பித் தறியைப் பார்த்தார். நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல் எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது. "பாவு தறியில கீது சார்."

'பாவு நிரலுக்கு வெளியே உள்ளதை நெசவாளர் ஒப்புக்கொண்டார்' என்று கமலக்கண்ணன் எழுதினார். பிறகு அரக்கை உருக்கிப் பெட்டிக்குச் சீல் வைத்தார். போகும்போது, "பேஜார் பண்ணிக்காதீங்க. ஜல்தியா ஒரு விண்ணப்பம் குடுத்துடுங்க" என்று நல்ல மனதோடு சொல்லிவிட்டும் போனார்.

மறுநாள் காலையிலேயே வீரபாகுவும் ஸ்வர்ணலதாவும் மண்டபத்துக்குப் போனார்கள். அவர்களுக்குக் கொடுத்த விண்ணப்ப எண் பதினெட்டு. பதினெட்டுதானா என்று வீரபாகுவுக்கு உற்சாகமாகிவிட்டது. மூன்று வருஷமாக நடக்கிற அலுவலகத்தில் பதினெட்டாவது எண் என்றால் யோசிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

முதல் பதினாறு விண்ணப்பங்களும் 'நிரல் என்பது தெளிவாக வரையறுக்கப்படவில்லை' என்று திருப்பப்பட்டிருந்தன. ஆணையத்தின் வரையறை என்ன என்று ஸ்வர்ணலதா கேட்டாள். புத்தகத்தைக் காட்டினார்கள். 'நிரல் என்பது ஆணையத்தின் சான்றுக்குத் தகுதியுள்ள ஒன்று.' எது தகுதியுள்ளது என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. 'நிரலாக இருத்தல் வேண்டும்.'

பதினேழாவது விண்ணப்பம் ஓர் அரிசி ஆலைக்காரருடையது. எடை போடுகிற நிரல். அது சோதனையில் இருந்தது. மணமகள் அறையில், கண்ணாடி பதித்த அலங்கார மேஜையின் மேல் கணினி ஓட, அதன் எதிரே ஒரு நாற்காலியில் பார்வையாளர் சிவகுமார் உட்கார்ந்திருந்தார். நிரலை ஓடவிட்டு, முடிகிறதா என்று பார்ப்பது அவர் வேலை.

"எத்தினி நாளா பாக்கறீங்க?" என்று கேட்டார் வீரபாகு.

"பதினோரு மாசமா."

"முடியலையா?"

"இதுவரைக்கும் முடியல." 'இதுவரைக்கும்' என்பதை அவர் அழுத்திச் சொன்னார்.

"முடியாதுன்னு எழுதிட்டு எங்களுத எடுக்கலாமே சார்?"

சிவகுமாரின் முகம் வெளிறிவிட்டது. "எழுதிட்டு, அடுத்த நிமிசமே அது முடிஞ்சிட்டா? வேற கிளையில ஒருத்தர் அப்டி எழுதினாருங்க. கையெழுத்து காயறதுக்குள்ள முடிஞ்சி நின்னுடுச்சி. சஸ்பெண்டு பண்ணிட்டாங்க."

"அப்ப எவ்ளோ நாள் பாப்பீங்க?"

"முடியற வரைக்கும்."

"முடியலன்னா?"

"முடியலன்னு எப்படிங்க தெரியும்? முடிஞ்சாதான தெரியும்!" சிவகுமார் மறுபடி திரையைப் பார்த்துக்கொண்டார். "நான் மார்ச்சுல ரிடையர்டு. அப்புறம் வேற ஆள் வந்து பாப்பாரு."

ஸ்வர்ணலதா அங்கேயே மடிக்கணினியைத் திறந்து, 'இருநூற்று நாற்பதாவது வரியில் நில்' என்று நிரலில் ஒரு வரி சேர்த்தாள். அதை எடுத்துக்கொண்டு மணமேடை ஏறினார்கள். துணை இயக்குநர் ஜெயச்சந்திரன் எழுந்து நின்று வரவேற்றார். உட்கார்ந்து பேசுவது அவருக்கு வராது.

"பாராட்டுகிறேன்! ஆனால் திருத்திய நிரல் புது நிரல். புது நிரலுக்குப் புது எண். இப்போது நீங்கள் பத்தொன்பது."

"பதினெட்டு எங்க சார் போச்சி?"

"பதினெட்டும் நீங்கள்தான். அது முடிந்த பிறகு பத்தொன்பது எடுத்துக்கொள்ளப்படும்."

"சார், இருநூத்தி நாப்பதுல நிக்கும்னு எழுதியே இருக்கு. கண்ணால பாத்தாலே தெரியுதே!" என்றாள் ஸ்வர்ணலதா.

"கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதென்றால் ஆணையம் எதற்கம்மா?" ஜெயச்சந்திரன் குரலை உயர்த்தினார். கீழே எழுத்தர்கள் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள், பழக்கம். "ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். முடிவு எடுப்பது எங்கள் வேலை அன்று. முடிவு வருமா என்று பார்ப்பதே எங்கள் வேலை. இந்தக் கிளை தொடங்கிய மூன்று ஆண்டுகளில் ஒரே ஒரு தவறான சான்றுகூட வழங்கப்பட்டதில்லை!"

"எத்தினி சான்று குடுத்திருக்கீங்க சார்?" என்று வீரபாகு உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"ஒன்றும் வழங்கவில்லை. எங்கள் கவனத்துக்கு அதைவிடச் சான்று வேண்டுமா?"

அன்று மாலை ஆதிலட்சுமி போன் செய்தாள். புடவை எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டாள். வீரபாகு, "ஆய்க்கினே கீதும்மா" என்றார். அவர் அதுவரை வாடிக்கையாளரிடம் பொய் சொன்னதில்லை. போனை வைத்தார். சீல் வைத்த பெட்டியைப் பார்க்கப் பிடிக்காமல் தறிமேல் ஒரு வேட்டியைப் போட்டு மூடினார்.

ஒரு வாரம் கழித்து மண்டபத்தில் விழா. காத்திருப்பை ஒழிக்க, எந்த நிரலைக் கொடுத்தாலும் ஒரே நிமிடத்தில் 'முடியும்' அல்லது 'முடியாது' என்று சொல்லிவிடும் 'முடிவறி' என்ற மென்பொருளை ஆணையம் வாங்கியிருந்தது. வாழைமரம் கட்டி, நாகஸ்வரம் வைத்து, ஒரு சிறப்பு விருந்தினரையும் கூப்பிட்டிருந்தார்கள்.

போகிற வழியில் ஸ்வர்ணலதாவின் முகம் ஒரு மாதிரி இருந்தது. "அண்ணா, எல்லா நிரலுக்கும் சரியா பதில் சொல்ற மாதிரி ஒண்ணு இருக்கவே முடியாது. அத இன்னிக்கு எல்லார் முன்னாடியும் காட்டிடறேன். காட்டிட்டா, இந்தச் சட்டத்துக்கே அர்த்தமில்லன்னு ஆயிடும். சீலப் பிரிச்சிடுவாங்க."

"எப்படி காட்டுவ?"

"ஒரு சின்ன நிரல் எழுதிக் கொண்டாந்திருக்கேன். அது முடிவறிகிட்டயே கேக்கும், 'நான் முடிவேனா?'ன்னு. 'முடிஞ்சிடுவே'ன்னு சொன்னா, முடியாம சுத்திக்கினே இருக்கும். 'முடிய மாட்டே'ன்னு சொன்னா, டக்குனு முடிஞ்சி நின்னுடும்."

வீரபாகு யோசித்தார். "எங்க பெரிய மச்சான் மாதிரின்னு சொல்லு. 'மாமா சாப்ட்டுட்டுதான் போவாரு'ன்னு யாரனா சொன்னா, செருப்ப மாட்டிக்கினு கிளம்பிடுவாரு. 'அவரு இருக்க மாட்டாரு, கிளம்பிடுவாரு'ன்னு சொன்னா, எலையப் போடுன்னு உக்காந்துடுவாரு. அவரப் பத்தி எது சொன்னாலும் தப்பாப் பூடும்."

"அதேதான்ணா."

"அவருக்கு எதிர்ல யாரும் எதுவும் சொல்ல மாட்டோம். அது ஒண்ணுதான் வழி."

மேடையில் ஜெயச்சந்திரன் நாற்பது நிமிடம் பேசினார். "முடிவறிக்குத் தெரியாத முடிவு இந்த உலகத்தில் இல்லை! எந்த நிரலானாலும் சரி, கொண்டு வாருங்கள்!" என்று முடித்தார். ஸ்வர்ணலதா எழுந்து போய்க் கொடுத்தாள். நாகஸ்வரக்காரர் உறையை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

பெரிய திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

ஒரு நிமிடம் ஆயிற்று. ஐந்து நிமிடம் ஆயிற்று. "முடிவறி ஆழ்ந்து சிந்திக்கிறது" என்றார் ஜெயச்சந்திரன். கைதட்டினார்கள். கால் மணி நேரத்தில், "மேலோட்டமான கருவியாக இருந்தால் இந்நேரம் பதில் சொல்லியிருக்கும்" என்றார். அரை மணி நேரத்தில் சிறப்பு விருந்தினர் மாலையோடு காரில் ஏறிப் போய்விட்டார். பந்திக்குச் செய்த கேசரி ஆறிக்கொண்டிருந்தது.

அப்போது கூட்டத்தின் ஓரத்திலிருந்து கமலக்கண்ணன் கையைத் தூக்கினார். அவரிடம் எந்தக் கள்ளமும் இல்லை. விதிப்புத்தகத்தை முழுக்கப் படித்த ஒரே ஊழியர் அவர்தான்.

"ஐயா, முடிவறியும் ஒரு நிரல்தானுங்களே. அதுக்குச் சான்று கீதுங்களா?"

ஜெயச்சந்திரன் விதிப்புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். முன்னால் திருப்பினார், பின்னால் திருப்பினார். வேறு வழியில்லை. நாகஸ்வரம் முழங்க, கமலக்கண்ணன் முடிவறி ஓடிய கணினிக்கு அரக்கு உருக்கிச் சீல் வைத்தார். அன்று மாலையே அவருக்கு ஒரு பாராட்டுக் கடிதமும், அதே உறையில் விளக்கம் கேட்டு ஒரு மெமோவும் கொடுக்கப்பட்டன.

ஸ்வர்ணலதா நினைத்தது நடந்தது. ஆனால் எண்ணிய பலன் வரவில்லை. 'ஏற்கெனவே வைத்த சீல்களை அகற்றும் உத்தரவை இனி முடிவறி மட்டுமே அச்சிட முடியும்' என்று விழாவுக்கு முந்தின நாள்தான் சுற்றறிக்கை வந்திருந்தது. அந்த முடிவறியே இப்போது சீலுக்குள் கிடந்தது.

"என்னாலதாண்ணா இன்னும் சிக்கலாயிடுச்சி" என்று அவள் வீரபாகுவின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அழுதாள். முகூர்த்தத்துக்குப் பதினைந்து நாள் இருந்தது. ரேணுகாம்பாள் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏம்மா, அந்தப் பொட்டி இன்னாதான் பண்ணுது? போன வரியப் பாத்து, ரெண்டும் ஒண்ணா வேறயான்னு சொல்லுது. அத நான் சொல்லக் கூடாதா? இதுக்கா கரண்டு?"

இருவரும் அவளைப் பார்த்தார்கள். வீரபாகு எழுந்து தறிமேல் கிடந்த வேட்டியை உருவினார்.

சீல் பெட்டிக்குத்தான்; தறிக்கு இல்லை. வெறும் நெசவுக்கு மிதிகட்டை போதும். ஜரிகை வர வேண்டிய இடத்தில் மட்டும் மூங்கில் குச்சியால் இழைகளைக் கையால் தூக்க வேண்டும். ரேணுகாம்பாள் போன வரியைப் பார்த்து இடமிருந்து வலமாகச் சொல்லிக்கொண்டே போவாள். "ஒண்ணு, வேணாம். வேற, போடு. வேற, போடு. ஒண்ணு, வேணாம்." அவர் தூக்குவார். முதல் நாள் பதினோரு வரிதான் ஏறியது. முதுகு விட்டுப் போயிற்று. மூன்றாம் நாள் முப்பது வரி. ஐம்பத்தேழாவது வரியில் ஒரு கட்டம் தப்பிப் போனது. அந்த ஒரு தப்பு அடுத்த வரியில் இரண்டாகி, அதற்கடுத்ததில் இன்னும் பரவியதை ரேணுகாம்பாள்தான் கண்டுபிடித்தாள். மூன்று வரியைப் பிரித்து மறுபடி நெய்தார்கள்.

ஆனால் கோபுரங்கள் எழும்பின. அடுத்த வரியில் என்ன வரும் என்று இருவருக்கும் முன்கூட்டித் தெரியாது. நெய்து பார்த்தால்தான் தெரியும். பெட்டி ஓடிய நாட்களில் இல்லாத ஓர் ஆவல் வீரபாகுவுக்கு வந்துவிட்டது. சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் "இன்னும் ஒரு வரி, ஒரே வரி" என்றார். ஒரு நாள் ஷிப்டு முடிந்து ஜெயப்ரியா நேராக வந்து நின்றாள். முந்தியைத் தொட்டுப் பார்த்து, "நான் பஸ்ஸுல பதினாறு வரிதாங்க போட்டேன். இதுக்கு மேல இப்படியா வரும்?" என்று கண் கலங்கினாள்.

முகூர்த்தத்துக்கு ஐந்து நாள் இருக்கையில், தறிச் சத்தம் கேட்டு, தெருவில் போய்க்கொண்டிருந்த கமலக்கண்ணன் உள்ளே வந்தார். சீலைக் குனிந்து பார்த்தார். உடையவில்லை. முந்தியைப் பார்த்தார். இருநூறு வரி ஏறியிருந்தது.

"நிரல் ஓடுதேங்க! எங்க ஓடுது?"

வீரபாகு தயங்கி, தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

கமலக்கண்ணன் விதிப்புத்தகத்தைத் திறந்தார். "'எந்தச் சாதனத்தில் இயங்கினாலும்'னு போட்டுகீதுங்களே" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, கையில் அரக்குக் குச்சியோடு வீரபாகுவின் நெற்றியைப் பார்த்தபடி நின்றார்.

"மொதல்ல அத கீழ வைய்யி சார்" என்றாள் ரேணுகாம்பாள்.

மறுநாள் மணமேடையில் விசாரணை. ஜெயச்சந்திரனின் முகத்தில் முடிவறி விழாவின் களைப்பு இன்னும் போகவில்லை. கோப்பைப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"அப்படியானால் இந்த நிரலை இயக்கும் சாதனம் நீங்கள். சாதனம் முடிவுறுமானால் நிரலும் முடிவுறும். ஆகவே கேட்கிறேன். திரு. வீரபாகு, நீங்கள் முடிவுறுவீர்களா?"

"புரியலங்க சார்."

"உங்கள் தந்தை?"

"அவரு... முடிஞ்சிட்டாரு சார். பன்னெண்டு வருசமாச்சி."

"ஆதாரம்?"

"டெத் சர்டிபிகேட் கீது."

"பாட்டனார்?"

"அவரும் முடிஞ்சிட்டாரு."

"அவருக்கும் முந்தியவர்கள்? யாராவது விதிவிலக்கு?"

வீரபாகு யோசித்துப் பார்த்தார். "எங்க வம்சத்துல ஒருத்தர் கூட மிஞ்சல சார்."

ஜெயச்சந்திரன் எழுந்து நின்றார். மேஜையைத் தட்டினார். "அறிஞர்கள் தொண்ணூறு ஆண்டுகளாக விடை காண முடியாது, முடியாது என்று சொல்லிவந்த கேள்விக்கு, இதோ, நம் ஆரணிக் கிளை விடை கண்டுவிட்டது! தலைமுறை தலைமுறையாகக் களங்கமற்ற வரலாறு! இப்படியொரு நம்பகமான விண்ணப்பதாரரை இந்த ஆணையம் கண்டதில்லை!" எழுத்தர்கள் கைதட்டினார்கள். மணமகள் அறையிலிருந்து சிவகுமாரும், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, தட்டினார்.

ஆணையத்தின் முதல் சான்று அன்றைக்கு வீரபாகுவின் பெயருக்குக் கையெழுத்தானது. ஜெயச்சந்திரன் கைகுலுக்கும் படம் பத்திரிகையில் வந்தது. அதில் வீரபாகு கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

மீதி வரிகளை இரண்டு நாளில் நெய்து முடித்தார்கள். அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று ரேணுகாம்பாள் சொல்லத் தொடங்கியபோது, வீரபாகு மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தார். "போதும்" என்றார். புடவையைத் தறியிலிருந்து அறுத்து மடித்து, இருவருமே பஸ் ஏறித் தேவிகாபுரம் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். முகூர்த்தத்தன்று ஜெயப்ரியா தோளில் அந்த முந்தியோடு வந்தபோது, பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட எழுந்து பார்த்தார்கள்.

கல்யாணம் முடிந்த மறுவாரம் கமலக்கண்ணன் சான்றை லேமினேட் செய்து கொண்டுவந்து கொடுத்தார். 'ஆரணி வீரபாகு, வயது 46, எவ்வித ஐயமுமின்றி முடிவுறக்கூடியவர் என இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது' என்று கோபுர முத்திரையைப் போல ஒரு முத்திரையோடு இருந்தது. ரேணுகாம்பாள் அதைக் கையால் தொட மறுத்துவிட்டாள். சாமி படங்கள் மாட்டிய சுவரில் மாட்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள்.

"இது மூணு வருசத்துக்குத்தாங்க செல்லும்" என்றார் கமலக்கண்ணன். "தேதியப் பாத்து வந்து புதுப்பிச்சிக்கங்க. மறந்துடாதீங்க."

"புதுப்பிக்கலன்னா இன்னாவும் சார்?" என்று வீரபாகு கேட்டார்.

கமலக்கண்ணன் வாசற்படியிலேயே நின்று விதிப்புத்தகத்தைப் புரட்டினார். இரண்டு முறை படித்தார்.

"புதுப்பிக்கலன்னா, அதுக்கப்புறம் நீங்க முடிவீங்கன்னு எடுத்துக்க முடியாதுங்க. சட்டப்படி."

ரேணுகாம்பாள் அதுவரை தொடாத சான்றைச் சட்டென்று கையில் வாங்கி, கடைசி வரியில் இருந்த தேதியை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள்.

"ஏங்க, இத நல்லா நெஞ்சுல வெச்சிக்கங்க" என்றாள். "அந்த வருசம் அந்த ஆபீசு இருக்கிற தெருப் பக்கமே போகக் கூடாது."